ஒரு யானையும் ஒரு ராஜாவும்: லியோனார்டோ டோரஸ் கெவேடோவின் கதை



2024 டிசம்பர் 12-ஆம் தேதி மாலையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். ஒரு பக்கம் சீனாவின் டிங் லிரன், மறுபக்கம் நம் சென்னைப் பையன் குகேஷ். பலகையில் காய்கள் குறைந்துவிட்டன. திரையின் ஓரத்தில் வெள்ளையும் கருப்புமாக ஒரு பட்டை, ஆட்டம் சமம் என்று காட்டிக்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எடுத்து ஒரு கட்டத்தில் வைத்தார். பட்டை சட்டென்று ஒரு பக்கமாகச் சரிந்தது. குகேஷ் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் முன்பே, தவறு நடந்துவிட்டது என்று அந்தப் பட்டை உலகத்துக்குச் சொல்லிவிட்டது.

இப்போது நம் வளாகத்துப் பிள்ளைகள் செஸ் ஆடினாலும் கையில் ஒரு போன் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் போனில் போட்டுப் பார்க்கிறார்கள். எங்கே தவறினாய் என்று அது எண்ணாகச் சொல்கிறது. அந்த எண்ணுக்கு மேல் பேச்சில்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஒரு பிள்ளை கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்?

பதில் சொல்ல ஒருவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்ப்யூட்டர் என்ற பொருளே இல்லாத காலத்தில், தானே யோசித்து செஸ் ஆடும் முதல் உண்மையான இயந்திரத்தைச் செய்தவர் அவர். அது முழு ஆட்டத்தையும் ஆடாது. ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மட்டும், அதிலும் ஒரே ஒரு வகையை மட்டும் ஆடும். ஆனால் அதில் தோற்கவே தோற்காது. அவர் பெயர் லியோனார்டோ டோரஸ் கெவேடோ. ஸ்பெயின் நாட்டுக்காரர்.

மலைநாட்டுப் பையன்

அவர் 1852 டிசம்பர் 28-ஆம் தேதி, வடக்கு ஸ்பெயினின் கான்டாப்ரியா பகுதியில், சாந்தா குரூஸ் தே இகுன்யா என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். அப்பா ரயில்வே என்ஜினீயர். வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகவேண்டியவர். அதனால் பையன் பில்பாவோ நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தான். பிறகு இரண்டு வருடம் பாரிஸில் படிப்பு. 1871-இல் மாட்ரிட்டில் சாலை, பாலம் கட்டும் என்ஜினீயர்களுக்கான அரசுக் கல்லூரியில் சேர்ந்தார்.

படிப்பு நடுவில் நின்றது. ஸ்பெயினில் அரசுரிமைப் போர் மூண்டு, அவர் வளர்ந்த பில்பாவோவை எதிரிப்படை முற்றுகையிட்டது. இளைஞர் டோரஸ் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஊரைக் காக்கப் போனார். 1874-இல் முற்றுகை விலகிய பிறகு திரும்பி வந்து, 1876-இல் பட்டம் பெற்றார். இந்த முற்றுகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கையின் முடிவில் இன்னொரு முற்றுகை வரப்போகிறது.

பட்டம் வாங்கியதும் அப்பாவைப் போலவே ரயில்வேயில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். மனம் ஒட்டவில்லை. குடும்பச் சொத்து கைக்கு வந்திருந்ததால் சம்பளத்தை நம்பி வாழவேண்டிய அவசியம் இல்லை. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தார். மின்சாரத்தைப் பற்றி எங்கெல்லாம் புதிதாக எதையாவது செய்கிறார்கள் என்று கவனித்தார். 1885-இல் லூஸ் போலான்கோ என்பவரை மணந்துகொண்டு, மறுபடி தன் மலைப்பக்கத்துக்கே வந்து குடியேறினார். எட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

அறுந்தாலும் விழாத கயிறு

அந்த மலைப்பக்கத்தில் ஒரு பள்ளத்தைக் கடக்கச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். டோரஸ் பள்ளத்தின் குறுக்கே கம்பி வடம் கட்டி, அதில் ஆள் உட்கார்ந்து போகும் இருக்கையைத் தொங்கவிட்டார். இழுத்தவை மாடுகள். 1887-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

கம்பியில் சாமான் அனுப்புவது அப்போதே புழக்கத்தில் இருந்தது. ஆட்களை ஏற்றத்தான் எல்லோருக்கும் பயம். வடம் அறுந்தால் என்ன ஆவது? டோரஸின் விடை எளிமையானது. பல வடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டவேண்டும். ஒவ்வொரு வடத்தின் ஒரு முனையைக் கரையில் இறுக்கிவிட்டு, மறுமுனையை ஒரு சக்கரத்தின் மேல் ஓடவிட்டு, அதில் கனமான எடையைத் தொங்கவிட வேண்டும். வடத்தின் இழுப்பு எப்போதும் அந்த எடைக்குச் சமமாகவே இருக்கும். வண்டியில் எத்தனை பேர் ஏறினாலும் இழுப்பு மாறாது. ஒரு வடம் அறுந்துபோனால்கூட மற்ற வடங்களின் மேல் கூடுதல் இழுப்பு வராது. வண்டி சற்றுக் கீழே தாழும், அவ்வளவுதான்.

இந்தத் திட்டத்தைச் சுவிட்சர்லாந்துக்கு எடுத்துப்போனார். மலைநாட்டுக்காரர்களுக்குப் பயன்படும் என்று நினைத்தார். அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காக அவர் மனம் தளரவில்லை. 1907-இல் சான் செபாஸ்டியன் நகரின் உலியா மலையில் அவருடைய வண்டி பயணிகளை ஏற்றி ஓடியது. 1916-இல் கனடாவில், நயாகரா ஆற்றின் பெரிய நீர்ச்சுழிக்கு மேலே அவருடைய வண்டி ஓடத் தொடங்கியது. நூறு வருடங்களுக்கும் மேலாக இன்றும் ஓடுகிறது. அமெரிக்கா, கனடா போய்வந்த நம் குடியிருப்போர் சிலர் அதில் ஏறியும் இருக்கலாம். அதைச் செய்தவர்தான் முதல் செஸ் இயந்திரத்தையும் செய்தார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வடத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. அனேகமாக அறுந்துபோகாது என்பது அவருக்குப் போதவில்லை. அறுந்தாலும் ஆபத்தில்லை என்று நிச்சயமாகச் சொல்லமுடிந்தால்தான் ஆளை ஏற்றுவார். அவருடைய செஸ் இயந்திரத்திலும் இதே பிடிவாதத்தைப் பார்க்கப்போகிறீர்கள்.

தூரத்தில் இருந்து ஓட்டிய படகு

1890-களில் அவர் கணக்குப் போடும் இயந்திரங்களில் இறங்கினார். பள்ளியில் நாம் கஷ்டப்பட்ட சமன்பாடுகளைப் பல்சக்கரங்களைக் கொண்டே தீர்க்கும் இயந்திரங்களை வடிவமைத்தார். 1901-இல் ஸ்பெயினின் அரச அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது.

அடுத்து ஆகாயக் கப்பல்கள். காற்றைவிட லேசான வாயுவை நிரப்பி மிதக்கும் பெரிய பலூன்கள் அவை. அவற்றைச் சோதித்துப் பார்ப்பதில் உயிர் போகும் அபாயம் இருந்தது. ஆளே இல்லாமல் தரையில் இருந்தபடி ஓட்டிப் பார்த்தால் என்ன என்று யோசித்தார். அதற்காகச் செய்த கருவிக்கு டெலிகினோ என்று பெயர் வைத்தார். ரேடியோ அலை மூலம் கட்டளை அனுப்பும் கருவி அது. 1903-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அதை விளக்கினார். 1906-இல் பில்பாவோ துறைமுகத்தில், ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ முன்னிலையில், கரையில் நின்றுகொண்டே ஒரு படகை ஓட்டிக் காட்டினார். நம் வரவேற்பறையில் டிவி ரிமோட்டைத் தேடும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளவேண்டிய மனிதர்களில் அவரும் ஒருவர்.

டெலிகினோவில் ஒரு விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டது. வந்த கட்டளை எது என்று பார்த்து, அதற்கு ஏற்ற வேலையை அந்தக் கருவி செய்தது. இப்படியானால் இதைச் செய், அப்படியானால் அதைச் செய் என்று இயந்திரத்துக்கே சொல்லிவிட முடியுமானால், ஆள் செய்யும் தீர்மானங்களில் எத்தனையை அதனிடம் ஒப்படைக்கலாம்? இந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பதில் வேண்டியிருந்தது. அதற்காக அவர் செஸ் பலகையை எடுத்தார்.

பெட்டிக்குள் ஆள் இல்லாத இயந்திரம்

செஸ் ஆடும் இயந்திரம் என்றாலே அந்தக் காலத்தில் மக்கள் சிரிப்பார்கள். 1770-இல் வியன்னாவில் கெம்பெலன் என்பவர் தலைப்பாகை கட்டிய ஒரு பொம்மையைச் செய்து, அது செஸ் ஆடுவதாக ஊர் ஊராகக் காட்டச் செய்தார். பல பத்து வருடங்கள் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வாயைப் பிளந்து பார்த்தன. கடைசியில் பெட்டிக்குள் ஒரு நல்ல ஆட்டக்காரர் ஒளிந்திருந்தது தெரியவந்தது. அந்தப் பொம்மை 1854-இல் பிலடெல்பியாவில் ஒரு தீ விபத்தில் எரிந்துபோனது. அப்போது டோரஸுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

டோரஸ் எடுத்துக்கொண்ட வேலை சிறியது, ஆனால் நேர்மையானது. முழு ஆட்டத்தையும் ஆடுவதாக அவர் சொல்லவில்லை. இயந்திரத்திடம் ஒரு வெள்ளை ராஜாவும் ஒரு யானையும் இருக்கும். எதிரே உட்காரும் மனிதரிடம் ஒரே ஒரு கருப்பு ராஜா. செஸ் கற்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரும் இறுதி ஆட்டம் இது. யானை உள்ள பக்கம் கட்டாயம் ஜெயிக்கலாம். ஆனால் எப்படி என்று தெரியாதவர் நாள் முழுக்கத் துரத்தினாலும் ராஜாவைப் பிடிக்க முடியாது.

1912-இல் இயந்திரம் தயாரானது. எல் அஹெத்ரெசிஸ்தா, அதாவது செஸ் ஆட்டக்காரர் என்று பெயர். கருப்பு ராஜா நிற்கும் இடத்தை மின்தொடர்புகள் இயந்திரத்துக்குச் சொல்லும். உள்ளே மின்சுவிட்சுகளும் மின்காந்தங்களும் முடிவெடுக்கும். இயந்திரக் கை ஒன்று யானையையோ ராஜாவையோ நகர்த்தும். விதிக்குப் புறம்பாக நீங்கள் ராஜாவை நகர்த்தினால் ஒரு விளக்கு எரியும். மூன்று முறை அப்படிச் செய்தால் இயந்திரம் ஆட்டத்தை நிறுத்திவிடும்.

வீட்டிலேயே ஆடிப் பாருங்கள்

அது எப்படி முடிவெடுத்தது என்பதைப் பலகையை எடுத்துவைத்தே நீங்கள் பார்க்கலாம். வெள்ளை ராஜாவையும் யானையையும் பலகையின் மேல்பகுதியில் வையுங்கள். கருப்பு ராஜா யானைக்குக் கீழே உள்ள வரிசைகளில் நிற்கட்டும். ஒவ்வொரு முறையும் இயந்திரம் சில கேள்விகளை இந்த ஒழுங்கில் கேட்டுக்கொள்ளும்.

முதல் கேள்வி. பலகையின் இடது மூன்று நிரல்கள் ஒரு பக்கம், வலது மூன்று நிரல்கள் மறுபக்கம் என்று வைத்துக்கொண்டால், கருப்பு ராஜா யானை இருக்கும் பக்கத்திலேயே வந்துவிட்டதா? ஆம் என்றால் யானை அதே வரிசையில் மறுபக்கத்துக்கு ஓடிவிடும். ராஜாவின் கைக்கு எட்டாத தூரம் அது.

இரண்டாவது கேள்வி. யானையின் வரிசைக்கும் கருப்பு ராஜாவின் வரிசைக்கும் நடுவே வெற்று வரிசை உண்டா? உண்டு என்றால் யானை ஒரு கட்டம் கீழே இறங்கும். வேலி நெருங்குகிறது.

மூன்றாவது கேள்வி. யானை ஏற்கனவே ராஜாவின் தலைக்கு மேலுள்ள வரிசையில் நிற்கிறது. தன்னுடைய ராஜா பின்தங்கி இருக்கிறதா? இரண்டு ராஜாக்களுக்கும் நடுவே ஒரு வரிசைக்கு மேல் இடைவெளி இருந்தால் வெள்ளை ராஜா ஒரு கட்டம் கீழே இறங்கும்.

நான்காவது கேள்வி. எல்லாம் நெருங்கியாயிற்று. இப்போது இரண்டு ராஜாக்களும் பக்கவாட்டில் எத்தனை கட்டம் தள்ளி நிற்கிறார்கள்? இரட்டைப்படை என்றால் வெள்ளை ராஜா எதிரியை நோக்கிப் பக்கவாட்டில் ஒரு கட்டம் போகும். ஒற்றைப்படை என்றால் யானை பக்கவாட்டில் ஒரு கட்டம் நகரும். பூஜ்ஜியம், அதாவது நேருக்கு நேர் என்றால், யானை ஒரு கட்டம் கீழே இறங்கி செக் வைக்கும். கருப்பு ராஜா பின்வாங்கியே ஆகவேண்டும். மறுபடி முதல் கேள்வியில் இருந்து தொடங்கும். கடைசி வரிசையில் இதே செக், செக்மேட் ஆகிவிடும்.

ஒற்றைப்படை வரும்போது யானை ஏன் சும்மா ஒரு கட்டம் நகர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அது நேரத்தைக் கடத்துகிறது. இப்போது உன் முறை, நீ நகர்ந்தே ஆகவேண்டும் என்று எதிரியிடம் தள்ளிவிடுகிறது. செஸ்ஸில் என் முறையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டாயத்தில்தான் கருப்பு ராஜா மாட்டிக்கொள்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் இறுதி ஆட்டத்தில் பயன்படுத்தும் நுட்பம் இது. டோரஸ் அதை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற ஒரே கேள்வியாகச் சுருக்கி, ஒரு மின்சுவிட்சுக்குள் வைத்துவிட்டார்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இந்த இயந்திரம் அடுத்து என்ன நடக்கும் என்று ஒரு நகர்த்தல்கூட முன்னால் போய்ப் பார்ப்பதில்லை. யார் எவ்வளவு முந்தியிருக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பதும் இல்லை. யோசனை முழுவதையும் டோரஸ் முன்கூட்டியே செய்து முடித்துவிட்டார். எந்த நிலையிலும் ஜெயிக்க ஒரு வழி உண்டு என்பதை அவர் புரிந்துகொண்ட பிறகுதான் இயந்திரம் பிறந்தது.

குறையும் இருந்தது. அது போகும் வழி குறுகிய வழி அல்ல. சரியாக ஆடினால் இந்த இறுதி ஆட்டத்தை எந்த நிலையில் இருந்தும் அதிகபட்சம் 16 நகர்த்தல்களில் முடித்துவிடலாம். டோரஸின் இயந்திரமோ சில நிலைகளில் 50 நகர்த்தல்களையும் தாண்டிவிடும். யாரும் காயை வெட்டாமல், சிப்பாயை நகர்த்தாமல் 50 நகர்த்தல்கள் போனால் டிரா கேட்கலாம் என்பது போட்டி விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு வாதாடும் எதிராளியிடம் இயந்திரம் டிராவாகியிருக்கும். நிச்சயத்துக்காக அவர் வேகத்தை விட்டுக்கொடுத்தார்.

இன்றைய போன் என்ன செய்கிறது?

இப்போது உங்கள் பிள்ளையின் போனுக்கு வருவோம். அதில் உள்ள செஸ் மென்பொருள் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று தேடல். நான் இதை ஆடினால் அவன் அதை ஆடுவான் என்று கிளை கிளையாக, நொடிக்கு லட்சக்கணக்கான நிலைகளைப் பார்க்கிறது. இரண்டு மதிப்பீடு. எந்தக் கிளையையும் கடைசிவரை போய்ப் பார்க்க நேரமில்லாததால், நடுவில் நிறுத்தி, இந்த நிலை யாருக்குச் சாதகம் என்று ஒரு எண் கொடுக்கிறது.

பழைய மென்பொருள்களில் அந்த எண்ணின் அடிப்படை காய்களின் மதிப்பு. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. அதன் மேல் ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு என்று கூட்டிக் கழிப்பார்கள். ஸ்டாக்ஃபிஷ் போன்ற மென்பொருளில் 2020 முதல் எண்ணற்ற நிலைகளைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலையமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. எப்படிச் செய்தாலும் அது ஒரு கணிப்பு. நடு ஆட்டத்தில் அருமையான கணிப்பு. இறுதி ஆட்டத்தில்தான் சில நேரம் வழுக்குகிறது.

ஒரு உதாரணத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளையிடம் ராஜா, ஒரு பிஷப், பலகையின் ஓரத்தில் ஒரு சிப்பாய். கருப்பிடம் ராஜா மட்டும். அது சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த மூலையின் நிறம் வேறு, பிஷப் ஓடும் நிறம் வேறு. காய்களைக் கூட்டினால் வெள்ளை 4 முந்தியிருக்கிறது. ஆனால் கருப்பு ராஜாவை அந்த மூலையில் இருந்து யாராலும் கிளப்ப முடியாது. ஆட்டம் டிரா. கூட்டல் சரியாக இருந்தும் விடை தவறு. இந்தக் குறிப்பிட்ட நிலையை மென்பொருளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இதைவிடச் சிக்கலான கோட்டைகள் எத்தனையோ உண்டு. அவற்றின் முன்னால் இன்றும் சில மென்பொருள்கள் ஜெயித்துவிட்டதாக எண்ணைக் காட்டிக்கொண்டே, முன்னும் பின்னுமாகக் காயை நகர்த்திக்கொண்டிருக்கும்.

இன்னொரு வகைச் சிக்கல் தூரம். ஜெயிப்பதற்கு வழி உண்டு, ஆனால் அது நூற்றுக்கணக்கான நகர்த்தல்களுக்கு அப்பால் இருக்கிறது என்றால், தேடல் அங்கே எட்டாது.

இதற்கு வந்த தீர்வு டோரஸுக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். கணிப்பை விட்டுவிட்டு, நிச்சயத்துக்குப் போவது. செக்மேட் ஆன நிலைகள் எல்லாவற்றையும் முதலில் எழுதிக்கொள்வது. அவற்றுக்கு ஒரு நகர்த்தல் முன்னால் இருந்த நிலைகள் எவை என்று பின்னோக்கிப் போவது. பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. கடைசியில் ஒவ்வொரு நிலைக்கும் வெற்றி, தோல்வி, டிரா என்ற மூன்றில் ஒரு விடை பதிவாகிவிடும். இப்படி ராஜாக்களையும் சேர்த்து மொத்தம் ஏழு காய்கள் வரை உள்ள நிலைகளுக்கு அட்டவணை போட்டு முடித்துவிட்டார்கள். 400 லட்சம் கோடிக்கும் அதிகமான நிலைகள் அதில் உள்ளன. 2012-இல் மாஸ்கோவில் போட்ட ஏழு காய் அட்டவணையில், இரு பக்கமும் பிசகாமல் ஆடினால் செக்மேட்டுக்கு 549 நகர்த்தல்கள் தேவைப்படும் ஒரு நிலை கிடைத்தது. எந்த மனிதராலும் அதை விளக்க முடியாது. ஆனால் விடை மட்டும் நிச்சயம்.

இந்த அட்டவணைகள் கைவசம் இருந்தால், காய்கள் ஏழாகக் குறையும்போது மென்பொருள் கணிப்பதை நிறுத்திவிட்டு அவற்றைப் புரட்டிப் பார்க்கிறது. டோரஸின் இயந்திரமும் நிச்சயமாக ஆடியது. அதன் நிச்சயத்துக்கு மனிதர் ஒருவரின் புரிதல் காரணம், அதை நான்கு கேள்விகளில் உங்களால் பிள்ளைக்குச் சொல்லித்தர முடிகிறது. அட்டவணையின் நிச்சயத்துக்கு எல்லா நிலைகளையும் பார்த்து முடித்ததே காரணம். அதைச் சொல்லித்தர முடியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் முடியும்.

சிங்கப்பூர் ஆட்டமும் இங்கேதான் புரிகிறது. பட்டை சமம் என்று காட்டியதன் பொருள், சரியாக ஆடினால் டிரா என்பதுதான். சரியாக ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று அது சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதருக்குப் பல மணி நேரக் களைப்பு இருந்தது. பட்டைக்குக் களைப்பு இல்லை.

கடைசி வருடங்கள்

1914-இல் டோரஸ் தன் இயந்திரத்தைப் பாரிஸில் காட்டினார். அதே வருடம் தானியங்கிக் கருவிகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மனிதர்களின் அசைவை நடிக்கும் பொம்மைகள் வேறு, சூழ்நிலையைப் பார்த்துத் தீர்மானிக்கும் கருவிகள் வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். இன்றைய கம்ப்யூட்டர்கள் மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களைக் கையாளும் முறையின் ஆரம்ப வடிவமும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. முதல் உலகப்போரில் அவருடைய வடிவமைப்பிலான ஆகாயக் கப்பல்களை பிரான்சும் பிரிட்டனும் பயன்படுத்தின. 1918-இல் மந்திரி பதவி தேடி வந்தது. வேண்டாம் என்றுவிட்டார்.

1920-இல் பாரிஸில் இன்னொரு கருவியைக் காட்டினார். தட்டச்சுப் பொறியில் கணக்கை அடித்தால், கருவி கணக்கிட்டு, விடையைத் தானே காகிதத்தில் அடித்துக் கொடுக்கும். விற்பனைக்குப் போகவில்லை. அவருடைய மகன் கொன்சாலோவும் என்ஜினீயர். அப்பாவின் வழிகாட்டுதலில் அவர் இரண்டாவது செஸ் இயந்திரத்தைச் செய்தார். அதில் இயந்திரக் கை கிடையாது. பலகைக்குக் கீழே ஓடும் காந்தம் காய்களை நகர்த்தியது.

1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. நவம்பரில் மாட்ரிட் முற்றுகைக்கு உள்ளானது. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அந்த நகரத்தில், டிசம்பர் 18-ஆம் தேதி, 84 வயது நிரம்பப் பத்து நாள் இருக்கும்போது, டோரஸ் கெவேடோ காலமானார். இளமையில் ஒரு முற்றுகை, முடிவில் ஒரு முற்றுகை. ஊரே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வயோதிக என்ஜினீயரின் மறைவை உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இயந்திரம் தப்பியது. 1951-இல் பாரிஸில் அறிஞர்களின் மாநாடு ஒன்றுக்கு கொன்சாலோ அதை எடுத்துச் சென்றார். இயந்திரக் கட்டுப்பாட்டு அறிவியலுக்குப் பெயர் சூட்டிய அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர் அதன் எதிரே உட்கார்ந்து ஆடினார். வீனரிடம் கருப்பு ராஜா மட்டும்தான். முடிவு என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. இன்றும் அந்த இயந்திரங்களை மாட்ரிட் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள்

அடுத்த முறை உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ போனில் வரும் எண்ணைக் காட்டி, நான் தோற்றுவிட்டேன் என்றோ ஜெயித்துவிட்டேன் என்றோ சொன்னால், ஏன் என்று ஒரு முறை கேளுங்கள். காய்கள் நிறைய இருந்தால் அந்த எண் ஒரு நல்ல கணிப்பு. காய்கள் ஏழுக்குக் கீழே போய், மென்பொருள் அட்டவணையைப் பார்த்துச் சொன்னால் அது நிச்சயம். இரண்டுமே காரணத்தைச் சொல்லாது. காரணத்தை நாம்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

அதற்குத் தொடக்கமாக, கிளப்ஹவுஸ் செஸ் பலகையில் ஒரு வெள்ளை ராஜா, ஒரு யானை, ஒரு கருப்பு ராஜாவை மட்டும் வையுங்கள். மற்ற காய்களைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். போன்கள் பையிலேயே இருக்கட்டும். மேலே சொன்ன நான்கு கேள்விகளைப் பிள்ளை வாய்விட்டுக் கேட்டபடி ஆடட்டும், நீங்கள் கருப்பு ராஜாவாகத் தப்பிக்கப் பாருங்கள். தப்பிக்க முடியாது. ஆனால் எந்த இடத்தில், ஏன் மாட்டிக்கொண்டீர்கள் என்று ஆட்டம் முடியும்போது இருவருக்குமே தெரிந்திருக்கும்.